முந்நூற்றெட்டுப் பாகைத் தண்ணீர்

இன்று காலை ஆய்வுகூடத்துக்குள் நுழைந்ததும் மீன் மணம் அடித்தது.

பச்சை மீன் மணமில்லை. ஐஸ் கரைந்த உப்புத் தண்ணீரில் கிடந்து, கழுவி, வெயிலில் காயவைத்து, மறுபடி கழுவியும் போகாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் மணம். உனக்குத் தெரியும். இரசாயனவியல் ஆய்வுகூடத்தில் நின்றுகொண்டு அந்த மணத்தை இன்னதென்று சொல்லக்கூடியவர்கள் இந்த ஊரில் நாம் இரண்டு பேர்தான் இருந்தோம். இப்போது நான் மட்டும் இருக்கிறேன்.

பன்னிரண்டாம் வகுப்புக்கு இன்று வெப்பநிலை மாற்றம் அளக்கும் செய்முறை. சூட்டை வெளியே விடாத ரெஜிபோம் கோப்பை ஒன்று கொண்டு வாருங்கள் என்று முதல் நாளே சொல்லிவிட்டிருந்தேன். எல்லோரும் கடையில் வெள்ளை வெளேரென்று வாங்கி வந்திருந்தார்கள். குறிஞ்சாக்கேணியிலிருந்து வரும் பிள்ளையொருத்தி மட்டும் உடைந்த ரெஜிபோம் மீன் பெட்டியின் மூலையை அறுத்து, நடுவில் குடைந்து, ஒரு கிளாஸை இறுக்கமாகச் செருகிக் கொண்டுவந்திருந்தாள். பக்கத்து மேசையில் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவள் அதைச் சட்டை செய்யவில்லை. நான் அவள் மேசைக்குக் கிட்டப் போய் மூச்சை இழுத்து இழுத்து விட்டதை யாரும் கவனித்திருந்தால், மிஸ்ஸுக்கு என்னவோ பிடித்துவிட்டது என்று இடைவேளைக்குள் பாடசாலை முழுக்கக் கதை போயிருக்கும்.

பிள்ளைகள் எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். நான் போகவில்லை. அதே மேசையில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உனக்கு எழுதுகிறேன்.

நாம் சந்தித்தது ஒரு கடைசி வாங்கில். டவுனில் அந்த ரியூசன் கொட்டிலின் முன் வாங்குகள் எல்லாம் முதல் தடவை உயர்தரச் சோதனை எடுக்கும் பிள்ளைகளுக்கு. இரண்டு தடவை எடுத்தும் வாய்க்காத நம்மைப் போன்றவர்கள் பின்னால், சுவரில் முதுகு தேய. படிப்பிக்கும் சேர் நம்மைப் "பழைய ஆக்கள்" என்று கூப்பிடுவார். அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை, ஆனாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நீ சிரிப்பாய். "பழைய ஆக்கள் எண்டா வீட்டு ஆக்கள்தானேடி, கோபிக்காத" என்று முதல் நாளே என்னோடு பல நாள் பழகியவள் போலக் கதைத்தாய். நான் பாலையூற்றிலிருந்து சைக்கிளில் வந்தவள். நீ குறிஞ்சாக்கேணியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவள். ஆனாலும் தினமும் எனக்கு முன்னால் வந்து எனக்கும் இடம் பிடித்து வைத்திருப்பாய்.

பல்கலைக்கழகத்துக்குப் போக மூன்று தடவைதான் எடுக்கலாம். அதற்குப் பிறகு நீ எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும் கதவு சாத்தியதுதான். மூன்றாம் தடவையை எல்லோரும் மூன்றாம் ஷை என்பார்கள், நான் அந்தச் சொல்லையே எடுக்கமாட்டேன். துறைமுகத்தில் பாரம் தூக்கிக்கொண்டிருந்த என் அப்பா ஒருநாளும் என்னை ஏசவில்லை. ஆனால் டவுனில் ஒரு மருந்துக்கடை முதலாளியிடம் எனக்காகக் கதைத்து வைத்திருக்கிறார் என்பது அம்மாவின் வாயிலிருந்து தவறி வந்துவிட்டது. மருந்துக்கடையில் நிற்பதை நான் குறைவாக நினைக்கவில்லை. நான் மறுபடி தோற்பேன் என்று வீட்டில் முன்கூட்டியே முடிவெடுத்துவிட்டார்களே என்பதுதான் சுட்டது. அதை நான் உன்னிடம் மட்டும்தான் சொன்னேன். "நீ கணக்குப் போட்டுப் பாத்த ரெண்டாம் ஷை கேள்வித்தாள் இரிக்கா? கொண்டு வா, எங்க சறுக்கினயெண்டு பாப்பம்" என்றாய்.

சறுக்கிய இடம் உனக்கு ஒரே மத்தியானத்தில் பிடிபட்டுவிட்டது. முதல் தடவை எடுத்தபோது வாயுக் கணக்கில் செல்சியஸை அப்படியே போட்டுவிட்டேன். இருநூற்று எழுபத்து மூன்றைக் கூட்டிக் கெல்வினாக மாற்ற மறந்துபோனேன். முழுக் கேள்வியும் போய்விட்டது. அந்த அடியில், அதற்குப் பிறகு வெப்பநிலை என்று எதைக் கண்டாலும் கண்ணை மூடிக்கொண்டு இருநூற்று எழுபத்து மூன்றைக் கூட்டத் தொடங்கினேன். இரண்டாம் தடவை அதுவே என்னைக் கவிழ்த்தது. தன்வெப்பக் கொள்ளளவுக் கணக்கில் கேட்பது வெப்பநிலை எவ்வளவு ஏறியது என்பதை. ஏறிய அளவுக்கும் கூட்டி வைத்திருக்கிறேன். கூட்ட வேண்டிய இடத்தில் கூட்டாமல் ஒரு வருடம், கூட்டக்கூடாத இடத்தில் கூட்டி ஒரு வருடம். இதை நினைத்து இப்போது நானே சிரிக்கிறேன். அன்றைக்கு நீ மட்டும்தான் சிரித்தாய்.

"அடியே, இது என்னடி? இருநூறு கிராம் தண்ணிக்கு நாலாயிரத்தி இருநூறு யூல் வெப்பம் குடுத்திரிக்கு. அஞ்சு பாகை ஏறும். நீ இருநூத்தி எழுபத்தெட்டு ஏத்தி வெச்சிரிக்காய். முப்பதில இருந்த தண்ணி முந்நூத்தி எட்டுக்குப் போயிட்டு. கோப்பையும் மிஞ்சாது, மேசையும் மிஞ்சாது."

எனக்கு மூக்கின் மேல் கோபம். கெல்வினுக்கு மாற்றச் சொல்லித்தானே சேர் சொன்னார் என்று உன்னோடு சண்டைக்கு வந்தேன். நீ குரலை உயர்த்தவேயில்லை. "நான் பஸ்ஸில வரக்குள்ள ரோட்டு மைல்கல்லு எண்ணிக்கிட்டு வாறன். கொழும்பிலிருந்து எண்ணின கல்லெண்டாலும் மட்டக்களப்பிலிருந்து எண்ணின கல்லெண்டாலும் எங்கட ஊருக்கும் டவுனுக்கும் இடையில உள்ள தூரம் மாறுமா? பாகையும் அப்படித்தான். தொடங்கின இடம் வேற, ஏறின அளவு ஒண்டு." எனக்கு அது விளங்கிவிட்டது. விளங்கியது என்று ஒத்துக்கொள்ளத்தான் மனம் வரவில்லை. "அது உங்கட ரோட்டுக்குச் சரி" என்றேன். நீ என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சனிக்கிழமை வீட்டுக்கு வா என்று மட்டும் சொன்னாய்.

உங்கள் வீட்டுக் குசினியில் அந்தச் சனிக்கிழமை என்னென்ன நடந்தது என்று நான் என் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொன்னதேயில்லை. அதை எனக்கென்று வைத்துக்கொண்டிருந்தேன். உன் வாப்பா மீன் வியாபாரி. கொழும்புக்கு அனுப்பும் பெட்டிகளில் உடைந்த ஒன்றை எடுத்து, பிளேடால் கீச்சுக் கீச்சென்று அறுத்து, நடுவில் கிளாஸ் ஒன்று இறங்கக் குடைந்து வைத்திருந்தாய். தேசிக்காய் போட்டுத் தேய்த்தாயாம், சவர்க்காரம் போட்டாயாம், ஒன்றுக்கும் மணம் மசியவில்லை. பழைய பாடசாலையில் கெஞ்சி ஒரு வெப்பமானி வாங்கி வந்திருந்தாய். வாப்பாவின் லொறியில் கழற்றிப் போட்டிருந்த இரும்பு நட்டுகளைக் கறிச்சட்டியில் போட்டுக் கொதிக்கவைத்தாய். கறிச்சட்டியைக் கண்டு உம்மா வைத வசவு எனக்கு இன்றைக்கும் காதில் இருக்கிறது. "நட்டுக் கறியா ஆக்குறீங்க? உங்கட சோதினைக்கு என்ட சட்டியா?"

கொதித்த நட்டுகளை அகப்பையால் அள்ளி நீர் வடித்து, இருநூறு கிராம் தண்ணீருக்குள் போட்டாய். சுர்ரென்றது. கலக்கிவிட்டு, வெப்பமானியை என் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துப் பிடித்துக்கொண்டாய்.

"இரும்பு குடுத்தது கிட்டத்தட்ட அந்தக் கேள்வியில உள்ள யூல்தான். உன்ட கணக்குப்படி இப்ப இது முந்நூத்தி எட்டு. கைய விடு."

"எனக்கென்ன விசரா?"

"உன்ட விடைதானே? எழுதக்குள்ள தாங்கின கை, விடக்குள்ள தாங்காதா?"

நட்டு சுர்ரென்ற சத்தம் காதிலேயே நின்றது. எனக்கு உண்மையாகவே பயமாக இருந்தது. அஞ்சு பாகைதான் ஏறியிருக்கும் என்று மூளைக்குத் தெரிந்தும் கை முன்னால் போகவில்லை. நீ என் மணிக்கட்டைப் பிடித்து இழுக்கவில்லை. பொறுமையாகப் பார்த்துக்கொண்டு நின்றாய். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு விரல்களை விட்டேன். குழந்தையைக் குளிப்பாட்டக் கூடச் சூடு காணாத தண்ணீர். அடியில் நட்டுகள் வழவழவென்று விரலில் தட்டுப்பட்டன. நான் சிரிக்கத் தொடங்கினேன், நீயும் சிரித்தாய், உம்மாவும் ஏனென்று தெரியாமலே வந்து சிரித்தா. கையை எடுத்து முகர்ந்து பார்த்தால் மீன் மணம்.

"இனி எந்த விடை எழுதினாலும் ஒருக்கா அதுக்குள்ள கைய விட்டுப் பாரு. கை தாங்குமெண்டா அடுத்த கேள்விக்குப் போ."

இதுதான் நீ சொன்னது. பெரிய தத்துவமாக ஒன்றும் சொல்லவில்லை. சொல்லிவிட்டு உடனே சட்டியை விளக்கப் போய்விட்டாய். அன்று பின்னேரம் பஸ்ஸில் ஏறும் வரைக்கும் என்னைக் கிண்டல் செய்து கொன்றாய். அதே வெப்பத்துக்கு இரும்பு அறுபத்தைந்து பாகை இறங்கியது, தண்ணீர் ஐந்துதான் ஏறியது, ஏனென்றால் தண்ணீருக்குத் தன்வெப்பக் கொள்ளளவு கூடுதல். "நீ இரும்பு இனம். கொஞ்சம் வெப்பம் பட்டாக் காணும், பாஞ்சு ஏறுவாய்" என்று சொல்லி, பிறகு எப்போது நான் கோபப்பட்டாலும் "தன்வெப்பம் குறைஞ்சவளே" என்றுதான் கூப்பிட்டாய். வேறு யாரும் சொல்லியிருந்தால் அறைந்திருப்பேன். நீ சொன்னால் கோபம் இறங்கிவிடும்.

மூன்றாம் தடவை சோதனை மண்டபத்தில் அந்தக் கணக்கு வந்தது. வேறு உருவில், அமிலமும் காரமும் கலந்து, சுற்றி வளைத்துக் கேட்டிருந்தார்கள். பதற்றத்தில் பழைய பழக்கம் தலைதூக்கி, வித்தியாசத்துக்கு இருநூற்று எழுபத்து மூன்றைக் கூட்டியே விட்டேன். விடையை எழுதியதும் என் இடது கை தானாகத் தாளின் மேல் போய் நின்றது. மேற்பார்வைக்கு நின்றவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். எனக்கு உங்கள் குசினி முழுக்கக் கண்ணுக்குள் வந்தது. வெட்டிவிட்டு மறுபடி எழுதினேன்.

பெறுபேறு வந்த நாளைப் பற்றி நாம் இரண்டு பேரும் அதிகம் கதைத்ததில்லை. எனக்குப் பல்கலைக்கழகம் கிடைத்தது. உனக்கு இரசாயனம் என்னைவிட நன்றாக வந்திருந்தும் பௌதிகம் காலை வாரிவிட்டது. ஒரு சொட்டு வித்தியாசத்தில் நீ வெளியே நின்றாய். என் முகத்தை உனக்கு எப்படிக் காட்டுவது என்று நான் வீட்டுக்குள் பதுங்கிக் கிடந்தபோது, உம்மா செய்த வட்டிலாப்பத்தைத் தூக்கிக்கொண்டு பாலையூற்றுக்கு வந்து கதவைத் தட்டினாய். அம்மாவிடம் "உங்கட மகள் கெம்பஸ் போறா, நீங்க அழுதுகொண்டு இரிக்கீங்க" என்று ஏசினாய். அப்பா முற்றத்தில் நின்றபடி உன்னைப் பார்த்து, "பிள்ளை, நீங்கள்தான் இவளைக் கரை சேர்த்தனீங்கள்" என்றார். அவர் அவ்வளவு கதைத்து நான் கண்டதில்லை. "நான் ஒண்டும் செய்யல்ல அங்கிள், நட்டு அவிச்சது மட்டும்தான்" என்றாய் நீ. அவருக்கு அது என்ன கதையென்று கடைசி வரை விளங்கவில்லை.

நீ கல்வியியற் கல்லூரிக்குப் போய் விஞ்ஞான ஆசிரியையானாய். உன் ஊர்ப் பாடசாலையிலேயே பத்தாம், பதினோராம் வகுப்பு. நான் இங்கே உயர்தரத்துக்கு இரசாயனம். போனில் கதைக்கும்போதெல்லாம் நான் பிள்ளைகளைப் பற்றி முறையிடுவேன். நீ உன் பிள்ளைகளைப் பற்றிப் பெருமையடிப்பாய்.

பிறகு அந்த வருத்தம் வந்தது. அதன் பெயரை நீ சொல்லவிட்டதில்லை, நானும் இங்கே எழுதவில்லை. மருந்து ஏற்றிவிட்டு வந்த நாட்களில் உனக்கு உடம்பு முழுக்கக் குளிர். பச்சைத் தண்ணீர் பட்டால் நடுங்குவாய். சூடு சற்றுக் கூடினாலும் தோல் எரியும். உன் கணவர் கடைக்குப் போகும் சனிக்கிழமைகளில் நான் வருவேன். உம்மா கேத்தலில் தண்ணீர் கொதிக்க வைப்பா. நீ கட்டிலில் சாய்ந்துகொண்டு எனக்குச் சோதனை வைப்பாய்.

"குழாய்த் தண்ணி முப்பது. கேத்தல் நூறு. எனக்கு நாப்பதில வேணும். சொல்லு பாப்பம்."

"ஒரு போத்தல் கொதி தண்ணிக்கு ஆறு போத்தல் குழாய்த் தண்ணி."

"கெல்வினுக்கு மாத்தினயா?"

"வாயப் பொத்திக்கொண்டு படு."

கணக்குப்படி வாளியில் கலந்து கொண்டுவருவேன். நீ கையை விட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்குவாய். நாற்பது இல்லை, குறைவு. வாளி கொஞ்சம் குடித்துவிட்டது, காற்றுக்குக் கொஞ்சம் போய்விட்டது. சூழலுக்கு வெப்ப இழப்பு இல்லை எனக் கொள்க என்று கேள்வித்தாளில் போடுவார்களே, அந்த வரியை நீ அப்போது எடுத்தாய். "இழப்பெண்டு ஏன் போடுறாங்கடி? பக்கத்தில இரிக்கிறதுக்குத்தானே போகுது. வாளிக்குச் சூடு பிடிச்சிருக்கு, வந்து தொட்டுப் பாரு" என்றாய். நான் தொட்டுப் பார்த்தேன். பிடித்திருந்தது. இன்னும் அரைப் போத்தல் கொதி தண்ணீர் ஊற்றிய பிறகு, "இப்ப சரி" என்று கண்ணை மூடினாய். அந்த "சரி" எனக்குக் கிடைத்த எந்தப் பட்டத்தையும் விடப் பெரிது என்று அன்றைக்கு உன்னிடம் சொன்னேன். நீ "அழுதயெண்டா வாளியில விழும், அளவு பிழைச்சிப் போயிடும்" என்றாய்.

நீ மௌத்தான செய்தி காலையில் வந்தது. நான் பஸ்ஸில் உங்கள் ஊருக்குப் போகும் பாலத்தைத் தாண்டும்போது எதைப் பார்த்தேன் என்று எனக்கு நினைவில்லை. குசினி நிறையப் பெண்கள். அடுப்பில் இலந்தை இலை போட்டுத் தண்ணீர் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள், உன்னைக் கடைசியாகக் குளிப்பாட்ட. உங்கள் மார்க்கத்துப் பெண்கள் செய்யும் கடமை அது, அதனால் நான் வாசல் ஓரத்தில் ஒதுங்கி நின்றேன். இதமான சூட்டில் ஊற்ற வேண்டும் என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் இந்தச் சூடு காணும் என்றார், மற்றவர் சூடு அதிகம் என்றார். உம்மா தலையை நிமிர்த்தி என்னைத் தேடினா.

"மகள், நீ இங்க வா. அவளுக்கு எவ்வளவு சூடு வேணுமெண்டு உனக்குத்தானே தெரியும். கைய வெச்சிப் பாரு."

பெண்கள் விலகி வழிவிட்டார்கள். நான் வாளிக்குள் கையை விட்டேன். "கொஞ்சம் பச்சைத் தண்ணி ஊத்தவேணும் உம்மா" என்றேன். ஊற்றினா. "இப்ப?" என்றா. "இப்ப சரி." அந்த வாளியை அவர்கள் திரைக்குப் பின்னால் எடுத்துக்கொண்டு போனார்கள். நான் வெளியே வந்து மதிலைப் பிடித்துக்கொண்டு குரலெடுத்து அழுதேன். உனக்காக நான் கடைசியாகச் செய்யக்கூடிய ஒன்றை, தன் வீட்டுக் குசினியில், எனக்கென்று ஒதுக்கித் தந்த உன் உம்மாவை நான் எப்படி மறப்பேன்? நான் இன்னும் மாதத்தில் ஒரு சனிக்கிழமை அவவிடம் போகிறேன். அவ இன்னும் எனக்கு நட்டுக் கறி வேணுமா என்று கேட்கிறா.

இனி இன்று காலைக்கு வருகிறேன், சொல்ல வந்ததே அதைத்தான்.

பிள்ளைகள் அளந்து முடித்துக் கணக்குப் போடத் தொடங்கினார்கள். நான் மேசை மேசையாக நடந்துகொண்டிருந்தேன். மீன் பெட்டிக்காரி விடையை எழுதினாள், கீழே கோடும் போட்டாள். போட்டுவிட்டு, இடது உள்ளங்கையைத் தாளுக்கு மேலே கொண்டுபோய் ஒரு கணம் நிறுத்தினாள். பிறகு சட்டென்று இழுத்து, சுட்டதுபோல விரல்களை உதறி, விடையை வெட்டினாள்.

நான் அவள் மேசைக்குத் திரும்பினேன்.

"யார் உனக்கு இது பழக்கினது?"

அவள் எழுந்து நின்றாள். ஏசப்போகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். "எங்கட சயன்ஸ் டீச்சர், மிஸ். இப்ப இல்ல, மௌத்தாயிட்டா. பெட்டி வெட்டுறதும் அவ பழக்கினதுதான். விடைக்குள்ள கைய விட்டுப் பாக்கச் சொல்லுவா." கொஞ்சம் தைரியம் வந்து சிரித்தாள். "அவட கூட்டாளி ஒராள் முந்நூத்தி எட்டுப் பாகைத் தண்ணிக்குள்ள கைய விட்டவவாம் மிஸ். நாங்க ஒருத்தரும் நம்பல்ல."

"பிறகு? அவட கைக்கு என்ன நடந்ததாம்?"

"ஒண்டும் நடக்கல்லயாம் மிஸ். அந்தக் கையால இப்ப பெரிய பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறாவாம். அவதான் டீச்சருக்குத் தெரிஞ்ச ஆக்களுக்குள்ள ஆகக் கெட்டிக்காரியாம்."

நீ என்னிடம் ஒரு நாளும் இப்படிச் சொன்னதில்லையே. ஒரு முறையாவது சொல்லியிருந்தால் நானும் உனக்கு ஏதாவது திருப்பிச் சொல்லியிருப்பேன். நான்தான் அது என்று அவளிடம் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்வேன், இன்றைக்குச் சொல்லியிருந்தால் ஒப்பாரிதான் வந்திருக்கும். அவளை இருக்கச் சொல்லிவிட்டு, அவளுடைய கோப்பைக்குள் விரல்களை விட்டுப் பார்த்தேன். அவள் திருத்தி எழுதியிருந்த விடை சரி.

அதற்குப் பிறகு இரண்டு பாடம் எடுத்தேன், சாப்பிட்டேன், சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். இதை எழுதிக்கொண்டிருக்கும் இந்தக் கை இன்னும் மீன் மணக்கிறது.